மரப்பட்டையில் வெள்ளைத் திட்டு: நோயா, லைக்கெனா? உருவமும் உள்ளமைப்பும்

பாலிக்புலாவ் தோட்டம் எழுதியது:

வணக்கம். பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் அப்பா காலத்து டுரியான் தோட்டத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டுரியான் அடிமரத்தில் சாம்பல் பச்சையில் திட்டுத் திட்டாக ஒன்று படர்ந்திருக்கிறது. வேலியோரப் பாக்கு மரங்களில் வெள்ளை வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கருப்பு ஓரம். ரம்புத்தான் கிளையில் இருப்பது வேறு மாதிரி. சின்னச் சின்ன மடல்கள், நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வருகின்றன. மூன்றும் லைக்கென்தான் என்கிறாள் மகள். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வது என்று அவள் பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம்.

மருந்துக் கடையில் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசுகிறார். என் மரங்களில் சில தளர்ந்து போயிருக்கின்றன, அவற்றில்தான் இந்தத் திட்டு அதிகம். இது மரத்தின் சத்தை உறிஞ்சுகிறதா? மூன்றும் ஒரே இனம் என்றால் ஏன் மூன்று உருவம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பால்மரக்காடு எழுதியது:

தம்பி, தோட்டப்புறத்தில் வளர்ந்த எங்களுக்கு இது பழகிய காட்சி. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெட்டுப்பட்டையை விட்டால் மற்ற இடமெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாகத்தான் இருக்கும். அந்த மரங்கள் எத்தனையோ வருடம் பால் கொடுத்தன. அதனால் பட்டை வெளுத்திருப்பதை வைத்தே மரத்துக்கு நோய் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பூதக்கண்ணாடி தங்கச்சி சொல்லட்டும், அவர் இதையெல்லாம் உட்கார்ந்து பார்ப்பவர்.

பூதக்கண்ணாடி எழுதியது:

வணக்கம் ஐயா, வணக்கம் அண்ணே. முதல் கேள்விக்கு நேரான பதில்: உறிஞ்சவில்லை. லைக்கெனுக்கு வேர் கிடையாது. உள்ளே இருக்கும் பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது, அதில் ஒரு பங்கு பூஞ்சைக்குப் போகிறது. தண்ணீரும் உப்புகளும் மழை, பனி, காற்றில் வரும் தூசி இவற்றிலிருந்து கிடைக்கின்றன. மரப்பட்டையின் வெளிப்புறம் முழுக்க ஏற்கெனவே செத்த செல்கள். பூஞ்சை இழைகள் அதற்குள் கொஞ்சம் நுழைந்தாலும் சாறு ஓடும் உயிருள்ள பகுதிக்குப் போவதில்லை.

தளர்ந்த மரத்தில் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. மரம் நலிந்தால் தழை குறையும், அடிமரத்துக்கு வெளிச்சம் இறங்கும், லைக்கென் செழிக்கும். நோய்தான் முதலில் வருகிறது. டுரியான் தளர்ந்திருந்தால் அடிமரத்தில் ஈரமாகச் செம்பழுப்பு நிறத்தில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா என்ற நுண்ணுயிர் பட்டையை அழுக வைக்கும், நம் நாட்டு டுரியானுக்கு அதுதான் பெரிய எதிரி. கம்பித் தூரிகையால் சுரண்டினால் நல்ல பட்டையில் காயம் பட்டு அதற்கே வழி திறந்துவிடும். தயவுசெய்து சுரண்டாதீர்கள்.

சரி, உருவத்துக்கு வருவோம். லைக்கென் தனி ஓர் உயிரல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டு என்று 1867இல் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் நாட்டு அறிஞர் சொன்னபோது அன்றைய லைக்கென் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அதில் சந்தேகமே இல்லை. உடலின் பெரும்பகுதி பூஞ்சைதான், பாசி ஒரு மெல்லிய அடுக்காக நடுவில் இருக்கிறது. ஆனால் பூஞ்சையை மட்டும் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தால் மடலும் வராது, கிளையும் வராது, உருவமில்லாத ஒரு சிறு கட்டிதான் வரும். தகுந்த பாசி சேர்ந்த பிறகே பூஞ்சை அந்த உடலைக் கட்டத் தொடங்குகிறது. பாசிக்கு வெளிச்சமும் ஈரமும் காற்றும் அளவாகக் கிடைக்கும்படி ஓர் இருப்பிடம் வேண்டும். அந்த இருப்பிடத்தைப் பூஞ்சை எத்தனை விதமாகக் கட்டுகிறதோ அத்தனை உருவங்கள். புத்தகங்களில் கிரஸ்டோஸ், ஃபோலியோஸ், ஃபுருட்டிகோஸ், அதாவது ஓடு, இலை, புதர் என்று மூன்று பெயர் போட்டு முடித்துவிடுகிறார்கள். நான் பெயரை முதலில் பார்ப்பதில்லை. அது எதை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கீழ்ப்புறம் அதற்கென்று ஒரு தோல் இருக்கிறதா, இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் பாக்கு மரத்தில் இருப்பது கிரஸ்டோஸ், அதாவது ஓடு வகை. மேலே மெல்லிய தோல் இருக்கும், சிலவற்றில் அதுகூட இருக்காது. அதன் கீழ் பாசி அடுக்கு. அதற்கும் கீழே பூஞ்சை இழைகள் தளர்வாகப் பின்னிய மெடுல்லா. அதோடு சரி, கீழ்த்தோல் கிடையாது. மெடுல்லாவின் இழைகள் நேராகப் பட்டைக்குள் இறங்கிவிடுகின்றன. அதனால்தான் பட்டையைச் சேர்த்து வெட்டாமல் இதைப் பெயர்த்தெடுக்க முடியாது. சில இனங்கள் இன்னும் ஒரு படி போய், உடல் முழுவதையும் பட்டையின் மேல் அடுக்குக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. வெளியே வித்து உருவாகும் காய்களைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

நீங்கள் சொன்ன கருப்பு ஓரத்துக்கு புரோதாலஸ் என்று பெயர். பாசி இன்னும் வந்து சேராத, பூஞ்சை மட்டும் இருக்கும் விளிம்பு அது. இரண்டு ஓடுகள் வளர்ந்து முட்டும் இடத்தில் அது எல்லைக்கோடாக நிற்கும். பாக்கு மரத்தில் இந்த வட்டங்கள் இவ்வளவு ஒழுங்காக அமைவதற்கும் காரணம் உண்டு. பாக்கும் தென்னையும் மற்ற மரங்களைப் போல வருடா வருடம் பருத்துப் பட்டை வெடிப்பதில்லை. மேற்பரப்பு பல வருடம் அப்படியே இருக்கிறது. ஓடு வகைகள் மிக மெதுவாக வளர்பவை, பல இனங்கள் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். அவற்றுக்கு இப்படி அசையாத இடம்தான் வேண்டும். கொய்யா மரத்தைப் பாருங்கள், பட்டை உரிந்துகொண்டே இருப்பதால் அடிமரம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

ரம்புத்தான் கிளையில் இருப்பது ஃபோலியோஸ், இலை வகை. மேல்தோல், பாசி அடுக்கு, மெடுல்லா, கீழ்த்தோல் என்று முழுமையாக நான்கு அடுக்குகள். கீழ்த்தோலிலிருந்து ரைசைன் என்னும் சிறு பிடிப்பு இழைகள் புறப்பட்டுப் பட்டையைப் பற்றும். அவை பிடிப்பதற்கு மட்டும்தான், உறிஞ்சுவதற்கு இல்லை. நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்ததே, அதற்குக் காரணம் இந்தக் கீழ்த்தோல்.

பாலிக்புலாவ் தோட்டம் எழுதியது:

மிக்க நன்றி தங்கச்சி. சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். டுரியானில் இருக்கும் சாம்பல் பச்சைதான் இன்னும் பிடிபடவில்லை. ஓரத்தில் மடல் மடலாக விசிறி மாதிரி விரிந்திருக்கிறது, ஆகவே இலை வகை என்று நினைக்கலாம். ஆனால் நகம் உள்ளே போக மறுக்கிறது, பட்டையோடு ஒட்டிக் கிடக்கிறது. நடுப்பகுதியைத் தேய்த்தால் விரலில் வெள்ளைப் பொடி. இது எந்தக் கணக்கு?

பூதக்கண்ணாடி எழுதியது:

அண்ணே, படம் போடுங்கள், பார்த்தால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு டிரினாரியா பிக்டா நன்றாகப் பொருந்துகிறது. வெப்பமண்டலத்தில் சாலையோர மரம், தோட்ட மரம் எல்லாவற்றிலும் காணப்படும் இனம். அது இலை வகைதான், கீழ்த்தோல் உண்டு. ஆனால் ரைசைன் கிடையாது, கீழ்ப்புறம் முழுதும் நேராகப் பட்டையோடு ஒட்டியிருக்கும். அதன் உறவினரான பிக்சினிக்கு ரைசைன் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், பிடிமானம் வேறு.

இதனால்தான் மூன்று வகை என்று கறாராகப் பிரிப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு முனையில் பட்டைக்குள்ளேயே மறைந்திருக்கும் ஓடு. அப்புறம் நடுவில் ஓடாக இருந்து ஓரத்தில் மட்டும் மடல் பிரிவது. அப்புறம் உங்கள் டிரினாரியா மாதிரி ஒட்டிக் கிடக்கும் இலை. அப்புறம் ஓரம் தூக்கி நிற்கும் பெரிய இலைகள். இடைவெளியே இல்லாமல் ஒன்று இன்னொன்றாக நகர்கிறது.

விரலில் வந்த பொடிக்கு சொரீடியா என்று பெயர். சில பாசி செல்களைப் பூஞ்சை இழைகள் சுற்றிக் கட்டிய நுண்ணிய பொட்டலம் ஒவ்வொன்றும். மேல்தோல் வெடித்து வெளியே வரும். காற்றும் மழையும் எறும்பும் எடுத்துப் போகும் இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே போய் இறங்குவார்கள். இன்னொரு வழி ஐசிடியா, மேல்தோலோடு சேர்ந்து முளைக்கும் சின்னஞ்சிறு விரல்கள், உடைந்து விழுந்து வளரும். தேய்த்தால் பொடியாக வருவது சொரீடியா, சொரசொரவென்று முளை மாதிரி தட்டுப்படுவது ஐசிடியா. காய்களிலிருந்து வரும் வித்துகளில் பூஞ்சை மட்டும்தான் இருக்கும், அது விழுந்த இடத்தில் பாசியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

லெபுபாசார் ஆச்சி எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டுக் கோழிக் குழம்பில் போடும் கல்பாசியும் இந்தக் குடும்பம்தானே? லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. எண்ணெயில் போட்டவுடன் எழும் அந்த வாசனை வேறு எந்த மசாலாவிலும் வராது. ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் கரி மாதிரி கருப்பு. அந்தக் கருப்பு என்ன என்று பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர் அழுக்கு என்று தேய்த்துக் கழுவுகிறார்கள்.

பூதக்கண்ணாடி எழுதியது:

ஆச்சி, இந்த இழைக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. கல்பாசி பெரும்பாலும் பார்மோட்ரீமா என்ற பேரினத்தையும் அதன் உறவுகளையும் சேர்ந்தது, மலைப்பகுதிகளில் மரத்திலும் பாறையிலும் வளர்வது. முழுமையான இலை வகை. அந்தக் கருப்பு அழுக்கு இல்லை, அதுதான் கீழ்த்தோல். அதைத் தேய்த்து எடுத்தால் லைக்கெனின் பாதியை எடுத்த மாதிரி.

வீட்டில் எல்லாரும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். காய்ந்த கல்பாசி அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் வளையும் அளவுக்கு மென்மையாகிவிடும். ஒரு மடலை எடுத்துப் புது பிளேடால் மெல்லியதாகக் குறுக்கே சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக் கண்ணாடியில் பாருங்கள். மேலே சாம்பல் கோடு, மேல்தோல். பழைய சரக்கு என்றால் பாசி அடுக்கின் பச்சை மங்கியிருக்கும், ஆனாலும் அந்தக் கோடு இருக்கும் இடம் தெரியும். நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளை, மெடுல்லா. அடியில் கருப்பு. அந்தக் கருப்பில் நடுப்பகுதியில் முடி மாதிரி நிற்பவை ரைசைன்கள். விளிம்பையொட்டி ஒரு பட்டை பழுப்பாகவும் மொட்டையாகவும் இருக்கும், பார்மோட்ரீமாவின் அடையாளம் அது.

அந்த வெள்ளைப் பகுதியைத்தான் நான் மிக ரசிப்பேன். மேல்தோலில் இழைகள் நெருக்கமாகப் பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்கும், தண்ணீரை வாங்கிக்கொள்ளும். நனைந்தால் தெளிவாகி, கீழிருக்கும் பச்சையைக் காட்டும். மழை பெய்தவுடன் மரங்கள் பச்சையாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். மெடுல்லா இதற்கு நேர்மாறு. அதன் இழைகளின் மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு இருக்கிறது. உடல் முழுக்க நனைந்தாலும் இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும். பாசிக்கு கரியமில வாயு அந்த வழியாகத்தான் வர வேண்டும், அங்கேயும் தண்ணீர் நிறைந்துவிட்டால் மூச்சடைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஓர் உடலில் தண்ணீருக்கு ஓர் அடுக்கும் காற்றுக்கு ஓர் அடுக்கும் பிரித்து வைத்திருக்கிறது பூஞ்சை. இதை விட்டுவிட்டு இலை வகை, புதர் வகை என்று பெயரை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கெப்போங்வாசி எழுதியது:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். தொங்கும் வகையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரத்துப் பாசிக்காட்டில் மரக் கிளைகளிலிருந்து தாடி மாதிரி வெளிறிய பச்சையில் தொங்கும். கோலாலம்பூரில் ஏரிப் பூங்கா மரங்களில் எவ்வளவு தேடியும் அதைப் பார்த்ததில்லை. ஜோர்ஜ்டவுனிலும் இல்லை. தாடி லைக்கென் இருந்தால் காற்று சுத்தம், ஓடு மட்டும் இருந்தால் காற்று கெட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் நம் நகரங்களின் காற்று அவ்வளவு மோசமா?

கொடிமலை நடையன் எழுதியது:

மோசம்தான், அதற்கு லைக்கெனே சாட்சி என்றுதான் நான் சொல்வேன். 1866இலேயே வில்லியம் நைலாண்டர் பாரிஸ் நகரின் லக்ஸம்பர்க் தோட்டத்தில் லைக்கென்களைக் கணக்கெடுத்து, நகரக் காற்று கெட்டால் அவை மறைகின்றன என்று எழுதினார். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடுக்கு அவை தாங்குவதில்லை. தாடி மாதிரியான புதர் வகை முதலில் போகும், இலை வகை அடுத்து, ஓடு கடைசியில். இங்கே சாலையோர அங்சானா மரங்களில் ஓடும் ஒட்டிக் கிடக்கும் இலை வகையும்தான் மிச்சம்.

பூதக்கண்ணாடி எழுதியது:

நடையன் அண்ணே, நைலாண்டர் பற்றிச் சொன்னது சரி. லைக்கெனுக்கு இலைகளில் இருப்பது போல மெழுகுத் தோல் இல்லை, இலைத்துளை இல்லை, மூடித் திறக்க எதுவும் இல்லை. காற்றில் வருவதெல்லாம் உள்ளே போகும். புதர் வகைக்கு எல்லாப் பக்கமும் காற்றில் திறந்திருக்கிறது, அதனால் அதிகம் பாதிக்கப்படும். ஐரோப்பியத் தொழில் நகரங்களில் அந்த வரிசை நன்றாகப் பொருந்தியது.

ஆனால் அதே ஏணியை இங்கே சாய்த்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நகரப் புகையே எட்டாத நம் சமவெளிக் காடுகளுக்குள் போனாலும் தாடி லைக்கென் அரிது, ஓடு வகைகள்தான் ஆட்சி செய்கின்றன. இதற்கு வெப்பம் ஒரு முக்கியக் காரணம் என்று விளக்குகிறார்கள். லைக்கென் நனைந்திருக்கும்போதுதான் உயிர்ப்போடு இயங்கும், காய்ந்தால் அப்படியே உறங்கிவிடும். சமவெளியில் ராத்திரி முழுக்க ஈரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. இருட்டில் உணவு தயாரிக்க முடியாது, ஆனால் சூட்டில் சுவாசம் வேகமாக நடந்து சேர்த்து வைத்ததை எரித்துக்கொண்டே இருக்கும். காலையில் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும், சம்பாதிக்கும் நேரம் குறைவு. பெரிய உடல் வைத்திருப்பவனுக்குச் செலவு கட்டாது. மலை ஏற ஏற ராத்திரி குளிர்கிறது, மூடுபனி பகலிலும் ஈரம் கொடுக்கிறது. பிரிஞ்சாங் சிகரம் 2000 மீட்டருக்கு மேல், அங்கே அதற்குக் கட்டுபடியாகிறது. பினாங்கில் இருக்கும் நம் கொடிமலையின் உச்சி 833 மீட்டர்தான். அதனால் தாடி இல்லை என்பதை மட்டும் வைத்து ஜோர்ஜ்டவுன் காற்றை எடை போட முடியாது. ஒரே வகை மரத்தை, ஒரே உயரத்தில், நெரிசலான சாலையிலும் ஒதுக்குப்புறத்திலும் ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்லலாம்.

தாடி லைக்கென் அஸ்னியாவின் உள்ளமைப்பை மட்டும் சொல்லாமல் விட முடியாது. இலை வகையில் மேல் கீழ் என்று உண்டு. இதில் அது கிடையாது, உள், வெளி மட்டும்தான். வெளியே சுற்றிலும் தோல், அதற்குள் வளையமாகப் பாசி, அதற்குள் தளர்வான மெடுல்லா, நட்ட நடுவில் நீளவாக்கில் முறுக்கமாக ஓடும் ஒரு வெள்ளை நாண். நனைந்த ஒரு துண்டை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தால் பச்சைத் தோல் விண்டு போய், உள்ளே அந்த நாண் ரப்பர் மாதிரி நீளும். காற்றில் ஆடும்போது அறுந்துவிடாமல் தாங்குவது அதுதான். ரமலினா என்ற இன்னொரு புதர் வகையும் தொங்கும், ஆனால் தட்டையாக நாடா மாதிரி இருக்கும், நடு நாண் கிடையாது. அது வலுவைத் தோலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறது.

கொடிமலை நடையன் எழுதியது:

வெப்பத்தைப் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனாலும் சாலையோரத்தில் வண்டிப் புகையும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது என்பதை நான் விடமாட்டேன். ஒப்பீட்டைச் செய்து பார்க்கத்தான் வேண்டும். தாவரவியல் பூங்காவிலும் நகர நடுவிலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் தொடங்கலாம்.

தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதியது:

எங்கள் பள்ளி வளாகத்தில் மாணவர்களோடு தேடியபோது இந்த மூன்று வகைக்குள் அடங்காத சில கிடைத்தன. மதிலை ஒட்டிய மரத்தின் மழை படாத பக்கத்தில் மஞ்சள் பொடி, தொட்டால் கையில் ஒட்டுகிறது. மரத்தடியில் கருப்பாகச் சுருங்கிக் கிடந்த ஒன்று மழைக்குப் பிறகு ஜெல்லி மாதிரி ஊதிவிட்டது. மதிலில் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட் மாதிரி படலம். பிள்ளைகளிடம் என்ன சொல்வது? இன்னொரு மரத்தில் வெள்ளை ஓட்டின் மேல் கருப்புக் கோடுகள் கிறுக்கலாக இருந்தன, பிள்ளைகள் யாரோ பேனாவால் எழுதியது என்றே நினைத்தார்கள்.

பூதக்கண்ணாடி எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவர்களுக்கு என் பாராட்டு. ஒவ்வொன்றும் அருமையான கண்டுபிடிப்பு.

மஞ்சள் பொடி பெரும்பாலும் கிரைசோத்ரிக்ஸ். பொடி வகைக்கு லெப்ரோஸ் என்று பெயர். தோலே கிடையாது, அடுக்கும் கிடையாது. உடல் முழுக்கச் சொரீடியா மாதிரியான துகள்கள்தான். பல பொடி வகைகளில் தண்ணீர் ஒட்டாது, துளி விட்டால் உருண்டு ஓடிவிடும். மழை படாத பக்கத்தில் இருந்ததற்குக் காரணமும் அதுவே. பச்சைப் பாசி வைத்திருக்கும் லைக்கென்களால் காற்றிலுள்ள ஈரத்தை மட்டும் வாங்கிக்கொண்டே உணவு தயாரிக்க முடியும்.

ஜெல்லி மாதிரி ஊதுவது லெப்டோஜியம் அல்லது கொல்லீமா. இதில் இருப்பது பச்சைப் பாசி இல்லை, நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியா. அது தன்னைச் சுற்றி வழுவழுப்பான கூழ் சுரக்கும். தனியாகப் பாசி அடுக்கு என்று இல்லாமல், மணி கோத்த சரம் மாதிரியான நாஸ்டாக் உடல் முழுக்கப் பரவியிருக்கும். லெப்டோஜியத்துக்கு ஒரு செல் கனத்தில் மெல்லிய தோல் உண்டு, கொல்லீமாவுக்கு அதுவும் இல்லை. நீலப்பச்சை வகைகளுக்குக் காற்றின் ஈரம் போதாது, சொட்டுத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஒரே மரத்தில் மழை படாத பக்கம் பொடியும், மழைநீர் வழியும் பக்கம் ஜெல்லியும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். உருவம், கூட்டாளி, ஈரம் மூன்றும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

மதிலில் உள்ள ஆரஞ்சுப் படலம் லைக்கென் இல்லை. டிரென்டிபோலியா என்ற பாசி, தனியாக வாழ்வது. பெயரளவில் பச்சைப்பாசிக் கூட்டம்தான், ஆனால் காரட்டில் இருக்கும் அதே வகை நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. நம் ஊர் ஓடு லைக்கென்களில் மிகப் பலவற்றின் உள்ளே இருக்கும் கூட்டாளி இதே பாசிதான். ஓட்டை நகத்தால் லேசாகக் கீறினால் மஞ்சள் ஆரஞ்சு கலந்த நிறம் தெரிந்தால் டிரென்டிபோலியா, புல் பச்சை தெரிந்தால் வேறு பச்சைப்பாசி.

பாசியே உருவத்தைத் தீர்மானிக்கும் இடமும் ஒன்று உண்டு. காட்டு நிழலில் அடிமரத்தில் கோயனோகோனியம் என்ற லைக்கெனைப் பார்க்கலாம், பச்சைப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். அதில் டிரென்டிபோலியா இழை இழையாக வளர்கிறது, பூஞ்சை அந்த இழைகளை மெல்லியதாகப் போர்த்துகிறது, அவ்வளவுதான். இங்கே கட்டுவது பாசி, பூஞ்சை பின்னால் போகிறது.

கிறுக்கல் கோடுகள் கிராஃபிஸ் குடும்பத்தின் காய்கள். மற்ற லைக்கென்களில் காய் வட்டத் தட்டாக இருக்கும். இதில் அது நீண்டு, கிளைத்து, நடுவில் மெல்லிய பிளவோடு கோடாகிவிட்டது. அந்தப் பிளவின் அடியில்தான் வித்துகள் உருவாகின்றன. வழவழப்பான பட்டையுள்ள எந்த நிழல் மரத்திலும் இதைத் தேடலாம். அருகிலேயே கருப்புப் புள்ளிகள் மட்டும் உள்ள ஓடுகளும் இருக்கும், அவை பைரனூலா மாதிரியானவை. ஒவ்வொரு புள்ளியும் வாய் குறுகிய ஒரு குடுவை. சமவெளியில் இருக்கும் நாம் தாடி இல்லை என்று ஏங்க வேண்டியதில்லை. ஓடுகள் வெப்பமண்டலத்தில்தான் இவ்வளவு விதமாகப் பெருகியிருக்கின்றன, அவை நம் வாசலிலேயே இருக்கின்றன.

கெப்போங்வாசி எழுதியது:

ஒரு கேள்வி. 2016இல் லைக்கெனுக்குள் மூன்றாவது கூட்டாளி ஒன்று இருப்பதாகச் செய்தி வந்ததே, அதற்கும் உருவத்துக்கும் தொடர்பு உண்டா?

பூதக்கண்ணாடி எழுதியது:

டோபி ஸ்பிரிபில் குழுவினரின் ஆய்வு அது. சில லைக்கென்களின் வெளித்தோலில் இன்னொரு பூஞ்சை, ஈஸ்ட் வடிவில், பதிந்திருப்பதைக் காட்டினார்கள். எல்லா லைக்கெனிலும் அது இருக்கிறது என்றோ, தோலைக் கட்டுவதே அதுதான் என்றோ சொல்லிவிட முடியாது. பிறகு வந்த ஆய்வுகளில் பல லைக்கென்களில் அது கிடைக்கவில்லை. பூஞ்சை ஒன்று, பாசி ஒன்று என்ற எளிய கணக்கு மட்டும் போதாது என்பதை ஏற்றுக்கொள்ளலாம்.

பாலிக்புலாவ் தோட்டம் எழுதியது:

தளர்ந்த மரங்களைச் சுற்றிப் பார்த்தேன் தங்கச்சி. ஒன்றில் நீங்கள் சொன்ன மாதிரியே அடியில் செம்பழுப்புக் கசிவு. விவசாய இலாகா அதிகாரியிடம் காட்டப் போகிறேன். இன்னும் ஒன்று: டுரியான் இலைகளில் சின்ன வட்டங்கள், சில துரு நிறத்தில் வெல்வெட் மாதிரி, சில சாம்பல் வெள்ளையாக. இலையிலும் லைக்கென் வருமா?

பூதக்கண்ணாடி எழுதியது:

வரும் அண்ணே, இலைகள் நீண்ட நாள் உதிராமல் இருக்கும் ஈரக் காடுகளின் சிறப்பே அது. இலையில் வளரும் லைக்கென்கள் பெரும்பாலும் இலையின் மெழுகுப் படலத்துக்கு மேலே உட்காரும், நகத்தால் தள்ளினால் பெயர்ந்துவிடும், அடியில் இலை பச்சையாகவே இருக்கும். அவற்றால் கெடுதல் இல்லை, இலைக்குக் கொஞ்சம் வெளிச்சம் குறையும் அவ்வளவுதான்.

துரு நிற வெல்வெட் வேறு. அது கெஃபலூரோஸ் என்ற பாசி, டிரென்டிபோலியாவின் உறவு. மெழுகுப் படலத்துக்கு அடியில் புகுந்து வளர்வது. தேயிலை, கொய்யா, மா, டுரியான் எல்லாவற்றிலும் வரும், இதை நோய் என்றே சொல்ல வேண்டும். ஸ்டிரிகூலா என்ற பூஞ்சை வந்து அந்தப் பாசியைப் பிடித்துக்கொண்டால் அதே வட்டம் சாம்பல் வெள்ளை லைக்கெனாக மாறும். பாசி ஏற்கெனவே தோலுக்கு அடியில் இருப்பதால் இந்த லைக்கெனும் அங்கேயே தங்கும். லைக்கென் உயிருள்ள பகுதிக்குப் போவதில்லை என்று முதலில் நான் சொன்ன விதி இங்கேதான் மாறுகிறது. மரப்பட்டையில் இருப்பவற்றை விட்டுவிடுங்கள், இலையில் துரு நிறம் அதிகமாகப் பரவினால் அதிகாரியிடம் அதையும் காட்டுங்கள். நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் குறையும். செம்பு மருந்து கெஃபலூரோஸுக்குத்தான், பட்டையில் இருக்கும் ஓடுகளுக்கு இல்லை.

தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதியது:

பிள்ளைகள் மாதிரி எடுத்துவர ஆசைப்படுகிறார்கள். சுரண்டாமல் எப்படி?

பூதக்கண்ணாடி எழுதியது:

காற்றடித்த மறுநாள் மரத்தடியில் விழுந்து கிடக்கும் கிளைகளைப் பொறுக்கச் சொல்லுங்கள் டீச்சர். நாம் எட்ட முடியாத உச்சியில் வளரும் இனங்கள் அதில்தான் கிடைக்கும், வெயில் படும் இடம் என்பதால் இலை வகைகளும் அதிகம் இருக்கும். காகித உறையில் போட்டு, எந்த மரம், எந்த இடம், என்ன தேதி என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஒரே ராத்திரியில் பூசணம் பிடித்துவிடும். நிற்கும் மரத்தில் உள்ளதைக் காய்ந்த நிலையில் ஒரு படம், தண்ணீர் தெளித்து ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தால் போதும். தாவரவியல் பூங்காவிலும் கொடிமலைக் காட்டிலும் எதையும் எடுக்க வேண்டாம், படம் மட்டும்.

நடையன் அண்ணே தூங்குமூஞ்சி மரங்களை ஒப்பிடும்போது உங்கள் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அடிமரத்தில் ஒரே அளவு சட்டகத்தை வைத்து, அதற்குள் ஓடு எவ்வளவு, இலை எவ்வளவு என்று பிரித்துக் குறித்தால் இரண்டு இடங்களையும் நேராக ஒப்பிட முடியும். சட்டகம் எந்த அளவு, தரையிலிருந்து எந்த உயரம் என்பதை இங்கேயே பேசி முடிவு செய்துவிட்டு ஆரம்பிக்கலாம்.